பள்ளிக்கூடத்தின் பெயரைப் போடலாமா?

(தேனியில் இளைஞர்களின் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பதவி உயர்வு வந்தால் லிங்க்ட்இன் பக்கத்தை எப்படிப் புதுப்பிப்பது என்று பேசச் சொன்னார்கள். சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இது என்ன தலைப்பு என்று பின்வரிசையில் ஒரு தோழர் சிரித்ததைப் பார்த்தேன். சிரிக்கலாம். ஆனால் இங்கே பாதிப் பேர் இந்த வருடமோ அடுத்த வருடமோ வேலை தேடப் போகிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

செய்முறையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அது அரை மணி நேர வேலை. பதவி உயர்வுக் கடிதம் கைக்கு வராமல் எதையும் மாற்றாதீர்கள். பழைய பதவியை அழித்து அதன் மேல் புதியதை எழுதாதீர்கள். அதே நிறுவனத்தின் கீழ் புதிய பதவியைத் தனியாகச் சேர்த்து இரண்டுக்கும் மாதமும் வருடமும் போடுங்கள், ஏறி வந்தது அப்போதுதான் தெரியும். தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கவா என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை முதலில் அணைத்து வையுங்கள், எழுத்துப் பிழையெல்லாம் பார்த்த பிறகு அறிவித்துக்கொள்ளலாம். இன்னொன்று, ‘நான் செய்தேன்’ என்று எழுதுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘நான்’ என்று எழுதவே கூச்சம். தானே கட்டிய மென்பொருளைக்கூட ‘எங்கள் குழு உதவியது’ என்று எழுதி வைக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் அப்படி எழுதுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தில் சாதி என்று ஒரு பெட்டி கிடையாது. ஆனால் பெயர், ஊர், படிப்பு என்று மூன்று பெட்டிகள் இருக்கின்றன. அந்த மூன்றும் சேர்ந்து சாதியைக் கேட்டுவிடும்.

பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் இருந்த ‘நாடார்’ என்பதை அவரே விட்டார். சொந்த ஊர் பட்டிவீரன்பட்டி, நம் பக்கத்து ஊர்தான். சென்னை பாண்டி பஜார் அவர் பெயரில் இருக்கிறது என்பது அங்கே துணி எடுப்பவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தத் தீர்மானத்தின் பலன்தான் நம் இனிஷியல். பெங்களூரில் என் டீமில் சேர்ந்தவுடன் ‘உங்கள் முழுப் பெயர் என்ன?’ என்று மூன்று பேர் கேட்டார்கள். முழுப் பெயரும் இதுதான், அந்த எழுத்து அப்பா பெயர் என்றேன். அதற்கு மேல் அவர்களால் போக முடியவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வு. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் செய்தது, 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர், இது மட்டும்தான் வேறுபாடு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேர்முகத் தேர்வுக்கே போகாமல், காகிதத்திலேயே நடந்தது இது.

பெயர் பேசவில்லை என்றால் ஊரைக் கேட்பார்கள். வெளிமாநிலத்துக்காரர் கேட்கும் கேள்வி பெயரோடு நின்றுவிடும். நம் ஊர்க்காரர் கேட்டால் நிற்காது.

‘தேனியா? தேனியில எங்க?’
‘உத்தமபாளையம் பக்கம்.’
‘பக்கம்னா?’
ஊரைச் சொன்னால், ‘அங்க எந்தத் தெரு?’

1989-இல் போடியில் நடந்த சாதிக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை எங்களை வளர்த்தது. ஊரைச் சொல்லு, தெருவைச் சொல்லாதே என்றுதான் என் அம்மா சொல்லி அனுப்பினார். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். பேருந்தில் ‘காலனி ஸ்டாப்பா?’ என்று கேட்கிற குரலை எந்த ஆவணத்திலிருந்து நீக்குவது என்று தெரியவில்லை.

மூன்றாவது, பள்ளிக்கூடம். இது நம் பள்ளத்தாக்குக்கே உரிய பிரச்சினை. தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் ‘அரசு கள்ளர்’ என்று பலகை வைத்த பள்ளிகள் இருக்கின்றன. குற்றப் பரம்பரைச் சட்டத்தால் ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கிய பிரிட்டிஷ் அரசு, பிறகு சீரமைப்பு என்று தொடங்கிய திட்டத்தில் வந்தவை. இன்னொரு பக்கம் ‘அரசு ஆதிதிராவிடர் நல’ப் பள்ளிகள். இரண்டிலும் எந்தச் சாதிப் பிள்ளையும் படிக்கலாம், படிக்கிறார்கள். ஆனால் பலகை ஒரு சாதியைத்தான் சொல்கிறது. இரண்டு பலகைக்கும் ஊரில் ஒரே மதிப்பு இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒன்றைச் சொன்னால் பெருமையாகக் கேட்டுக்கொள்வார்கள், இன்னொன்றைச் சொன்னால் தண்ணீர்க் குவளையைப் பார்ப்பார்கள்.

நாங்குநேரியில் மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம், அரசுப் பள்ளி என்று மட்டும் இருக்கட்டும் என்றது. நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் நாளைக்கே பலகை மாறினாலும் என் மாற்றுச் சான்றிதழில் அச்சடித்தது மாறாது. நான் படித்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளி.

வேலை தேடிய காலத்தில் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டிருந்தேன். கல்லூரியிலிருந்து மட்டும் தொடங்கியது என் படிப்பு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் அம்மா விடிகாலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். முப்பது வருடம் அதே வேலை, அவருக்குப் பதவி உயர்வு என்று ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு அழைப்பு குறைந்தாலும் நஷ்டம் அந்த வீட்டுக்கு. தைரியமாக எழுதேன் என்று சொல்கிறவர்கள் அந்த ஜீப்பில் ஏறியதில்லை.

போன வருடம் டீம் லீட் ஆனேன். பக்கத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது பள்ளியின் பெயரை முழுசாகப் போட்டேன். வாழ்த்துகள் நிறைய வந்தன. நான்கு வருடம் சேர்ந்து சாப்பிட்ட ஒருவர் ‘சொல்லவே இல்லையே’ என்றார். எதைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில், எனக்கு வந்தது ‘டைவர்சிட்டி’ பதவி உயர்வு என்று ஒரு பேச்சு காதுக்கு வந்தது. அதே பள்ளியில் எனக்கு ஒன்பது வருடம் பின்னால் படித்த ஒரு தம்பியும் எழுதினான்: ‘அக்கா, நானும் நம்ம ஸ்கூல்தான். நானும் போடலாமா?’

அவனுக்கு நான் எழுதிய பதில்: வேலை கிடைக்கும் வரை போடாதே. கிடைத்த பிறகு உன் இஷ்டம். உன்மேல் யாரும் கைவைக்க முடியாத ஒரு இடத்துக்கு வந்ததும் போடு, உனக்குப் பின்னால் வருகிறவன் தேடும்போது ஒரு பெயராவது கிடைக்கும். சில தோழர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. அடையாளத்தை மறைப்பது அடிமைத்தனம் என்பார்கள். மறைக்க வேண்டிய நிலையை உண்டாக்கியவரிடம் கேட்காமல் மறைத்தவனிடம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாம் சொல்லாவிட்டாலும் சொல்லிவிடுவதற்கு ஆள் இருக்கிறார்கள். 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. ஒரு தலித் பொறியாளர், இரண்டு இந்திய மேலாளர்கள். ஐ.ஐ.டி.யில் அவர் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், புகார் செய்த பிறகு அவரை ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023-இல் அந்த இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அரசு விலக்கிக்கொண்டது. அதே வருடம் பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அக்டோபரில் கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். கடல் தாண்டியும் நம் ஆட்கள் கொண்டுபோன சரக்கு இது.

இங்கே என்ன இருக்கிறது? அரசு வேலையில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்வில் இடஒதுக்கீடு தர 1995-இல் 77ஆவது திருத்தம் மூலம் 16(4ஏ) பிரிவைச் சேர்த்தார்கள். அதுவும் நீதிமன்றத்தோடு மல்லுக்கட்டித்தான் நிற்கிறது. தனியார் நிறுவனத்தில் அது எதுவும் கிடையாது. யாரை உயர்த்துவது என்பது மேலாளரின் வாய்ச்சொல், யாரைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் ரெஃபரல். தெரிந்தவர் தெரிந்தவரைச் சொல்வார். யாருக்கு யாரைத் தெரியும் என்பது எந்தத் தெருவில் பிறந்தார் என்பதிலிருந்தே தொடங்கிவிடுகிறது. லிங்க்ட்இன் 2003-இல் கண்டுபிடித்தது ஒன்றும் புதிதல்ல, நம் ஊர்த் திண்ணை அதை ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருக்கிறது.

இங்கே ஆதிக்க சாதி வீடுகளிலிருந்து வந்த தோழர்களும் இருக்கிறீர்கள். நீங்கள் டீம் லீட் ஆனால் உங்கள் பக்கத்தில் அம்பேத்கர் படம் வைப்பது உங்கள் விருப்பம். நீங்கள் போன வருடம் ரெஃபர் செய்த பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எனக்கு அது போதும்.

நான் லீட் ஆனதும் என் கைக்கு வந்த அதிகாரம் ரொம்பக் கொஞ்சம். எங்கள் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் பெயர், படம், ஊர், பள்ளி நான்கையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள் என்று ஹெச்.ஆர்.க்கு எழுதினேன். மென்பொருளில் அப்படி ஒரு வசதி இல்லை என்று பதில் வந்தது. நாங்கள் மென்பொருள் நிறுவனம். இரண்டு நாளில் நானே எழுதித் தருகிறேன் என்று போன வாரம் பதில் போட்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, திங்கட்கிழமை போய்க் கேட்க வேண்டும்.