பாதையடியில் விடிந்த காலைகள்



எங்கள் திருகோணமலைப் பக்கத்தில், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் தட்டையான மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். கிண்ணியாவிலிருந்து பட்டணம் போகப் பல தலைமுறைகள் அதைத்தான் நம்பியிருந்தன. விடியற்காலையில் எருமைத் தயிர்ச் சட்டிகள், மீன் பெட்டிகள், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணித் தாய், எல்லாரும் ஒரே பலகையில். ஈரப் பலகையில் செருப்பு வழுக்கும். பெரியவர்கள் பிள்ளைகளின் கையை இறுக்கிப் பிடிப்பார்கள். நோயாளிக்குக்கூடப் பாதை வந்தால்தான் பயணம்.

2009 அக்டோபரில் 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அப்போது நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். மூதூர்ப் பக்கத்துக்கும் வழி சுலபமானது.

ஆனால் அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலம் புதிதாகக் கட்டப்படவிருந்ததால், மக்கள் மறுபடியும் மிதவையில் ஏறினார்கள். 2021 நவம்பர் 23, பாடசாலைக்குப் போகும் காலை நேரம். மிதவை கவிழ்ந்தது. புத்தகப் பையோடு போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

சிற்றூரின் அமைதியைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். என்றாலும், பள்ளிக்கூடம் போக உயிரைப் பணயம் வைக்கச் சொல்லும் ஊரில் அமைதி எங்கே இருக்கிறது?

தண்ணீர் கடந்து பிள்ளைகளை அனுப்பும் அம்மாமாரே, அப்பாமாரே, உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் அவர்களை ஏற்றாதீர்கள். உங்கள் ஊருக்குப் பாலம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.