ஈறு நோய் ஆராய்ச்சியும் நம் மாணவரும்



ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இரவு வேலைக்குச் செல்லும் நம் தாய்மார் சிலர்க்கு நாற்பது வயதிலேயே பற்கள் ஆடுகின்றன. வினவினால், "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான், ஐயா" என்கின்றனர். பெரும்பாலும் வலியின்றி வளரும் நோயாதலின், ஈற்றில் குருதி கசிவதை எவரும் பொருட்படுத்துவதில்லை.

நாம் சிறுவராய்ப் பயின்ற நாளில், ஆசிரியர் ஒருவர் நம் வாயைச் சுட்டி 'அசுத்தம்' என்றார். அச்சொல் இன்னும் மறக்கவில்லை. ஆதலின் இந்நோயின் அறிவியலைத் தேடிப் படித்தோம்.

நார்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்னும் அறிஞர், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், நல்ல ஈறுடைய பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தார். அவருள் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள்! 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிருவர்க்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கியதும் நலமாயிற்று. 1965இல் வெளிவந்த இவ்வாய்வு, பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈறு வீக்கத்திற்குக் காரணம் என நாட்டியது. குலம் அங்கே எங்கு வந்தது?

1970இல் அவர் குழுவினர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரை ஆராயத் தொடங்கினர். அவர்கள் தமிழர். இங்கிருந்து தோட்டங்களுக்குச் சென்றோருள் ஒடுக்கப்பட்ட மக்கள் மிகப் பலர் என்பது தாங்கள் அறிந்ததே. அத்தொழிலாளர்க்குப் பல் மருத்துவம் எட்டாதது. அனைவர் பல்லிலும் படலமும் காரையும் மிகுந்திருந்தன. ஆயினும் 15 ஆண்டுகளில், நூற்றுக்கு 8 பேர்க்கே ஈறும் எலும்பும் விரைந்து அழிந்தன. 81 பேர்க்கு மிதமான வேகத்தில் அழிந்தன. 11 பேர்க்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. அழுக்கு ஒன்றாயினும் அழிவு ஒன்றன்று. உடலின் எதிர்ப்பாற்றலும் சேர்ந்தே அழிவைத் தீர்மானிக்கிறது. 1986இல் வெளிவந்த இம்முடிவு பல் மருத்துவ உலகம் நன்கறிந்தது.

நம் மக்களின் வாயைப் பார்த்து உலகம் கற்றது. பார்த்துக் குறிப்பெழுதும் இடத்தில் நம்மவர் எத்தனை பேர்?

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இயங்குகிறது. பி.டி.எஸ். ஐந்தாண்டு, அதன்மேல் மூன்றாண்டு எம்.டி.எஸ். பயின்றால் ஈறு நோய் வல்லுநர் ஆகலாம். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் உள்ள 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு பி.டி.எஸ். படிப்புக்கும் உண்டு.

நம் மாணவி ஒருத்திக்கு அவ்விடம் கிடைத்தது. "பல் பிடுங்கவா ஐந்து வருடம்?" என்று உறவினர் தடுத்தனர். நாம் அவள் இல்லம் சென்று பேசியிருக்க வேண்டும். தேர்வுப் பணியைக் காரணங்காட்டி இருந்துவிட்டோம். இன்று அவள் ஒரு தொழிற்சாலையில் மின்கம்பி பொருத்துகிறாள்.

வெள்ளிவிழா நிதியில் ஒரு பகுதியைப் பல் மருத்துவம் பயில்வோர்க்கு, குறிப்பாக எம்.டி.எஸ். வரை செல்வோர்க்கு ஒதுக்குமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர் மாலை ஐந்து மணிக்கு மேல் பள்ளிக்கு வரலாம். பெற்றோரையும் அழைத்து வருக.