மறதி பொய்யல்ல, நோய்!

குடித்துக் குடித்து நினைவிழந்தவர், நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார். "புளுகன்" என்று ஏசுகிறோம். அது புளுகல்ல; மூளை நோய். 1887-ல் ருஷ்ய மருத்துவர் கோர்சகாவ் இதை விவரித்தார். தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்துக் குறைவே காரணம்.

நம் தஞ்சையில் நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்குகிறது. குடிப்பவரோ சோற்றைத் தள்ளுகிறார். தின்றாலும், அச்சத்தைக் குடல் ஏற்கவிடாமல் மது தடுக்கிறது. 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசே மதுவை விற்கிறது. லாபம் கஜானாவுக்கு, நோயாளி கூலிக்காரன் வீட்டுக்கு!

நாம் செய்ய வேண்டியது என்ன? பார்வை இரட்டித்து, நடை தள்ளாடி, புத்தி குழம்பினால், போதை என்று திண்ணையில் கிடத்தாதீர்கள். அன்றே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள், குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட வேண்டும்.

வீட்டில் நேரம் தவறாத சோறு, மாறாத படுக்கையிடம், கண்ணெதிரே காலண்டர். கேட்டதையே கேட்டாலும் பொறுமையாகச் சொல்லுங்கள்; வாதாட வேண்டாம். ஒரு சொட்டு மதுவும் கூடாது. சிலர் தேறுவார்கள், பலருக்கு மறதி முழுதும் நீங்காது. பகலெல்லாம் நடவு நட்டு, இரவெல்லாம் காவலிருக்கும் பெண்ணுக்குத் தெருவே முறைவைத்துத் துணை நிற்கட்டும். அதுவும் சங்கத்தின் வேலைதான், தோழர்களே!