தீராத கணக்கின் கதை



"இடதுசாரி" என்ற சொல்லை உரக்கச் சொல்ல நம் பேராக் தோட்டங்களில் பெரியவர்கள் தயங்குவார்கள். காரணம் உண்டு. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பயம் லயத்து வீடுகளில் வெகுகாலம் தங்கிவிட்டது.

இலக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு பயம் வேண்டியதில்லை. ஒரு கதையைப் படிக்கையில், "இதிலே உழைப்பவர் யார்? கணக்கு எழுதுகிறவர் யார்?" என்று கேட்பதுதான் இடதுசாரிப் பார்வை.

2013இல் வந்த 'பரதேசி' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூலம் ஒரு நாவல். டாக்டர் பி.எச். டேனியல் எழுதியது. தமிழ்நாட்டு ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கவும் உழைத்தவர் அவர்.

கருப்பன், வள்ளி என்ற ஏழைத் தம்பதியை மேஸ்திரி ஆசை காட்டி மலைக்கு அழைத்துப் போகிறான். கையில் முன்பணம். அங்கே குளிர், அட்டை, காய்ச்சல். உழைத்து உழைத்துக் கணக்குத் தீர்க்கும் நாளில் நின்றால், கடன் அப்படியே நிற்கிறது. சோம்பேறித்தனமா? தலைவிதியா? இரண்டுமில்லை, கணக்கே அப்படி எழுதப்பட்டது என்று நாவல் காட்டுகிறது.

மேஸ்திரி என்றதும் நமக்குக் கங்காணி நினைவுக்கு வருவார். மலாயாவுக்குக் கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதும் இப்படித்தான், ஊரில் கொடுத்த முன்பணத்தில் தொடங்கிற்று. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நடந்தது. கங்காணியும் நம்மில் ஒருவர்தானே! வேலைக்கு வரும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு கிடைத்தது. அவரை வெறும் கெட்டவராக்கி, அவருக்குப் பின்னால் இருந்த கம்பெனியை மறந்துவிட்டால் அது அரைக் கதைதான். அதேபோல, ஆட்களைக் காட்டாமல் கோஷம் மட்டும் போடும் கதையும் எனக்குப் பிடிக்காது. டேனியலைத் தாங்கி நிற்பது நோயாளிகளைக் கிட்டே இருந்து பார்த்த அவருடைய கண்.

ஒரு குறை சொல்ல வேண்டும். 1969இல் வெளிவந்த அந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. யாரைப் பற்றி எழுதினாரோ, அவர்களில் எத்தனை பேர் படித்திருக்க முடியும்? 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் அதைத் தமிழில் தர 2007 ஆயிற்று.

தோட்டத்தை விட்டு ஈப்போவில் தாமான் வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளைகளே, நூல் கிடைத்தால் பாட்டியை அருகில் உட்காரவைத்து, கணக்குத் தீர்க்கும் பகுதியை உரக்கப் படியுங்கள். பாதியில் நிறுத்தச் சொல்லி, "எங்கள் தோட்டத்திலே..." என்று அவர் தொடங்கினால், நூலை மூடிவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்.