டிராகன் கதையும் பத்து லட்சம் கையெழுத்தும்

(பஞ்சாலைத் தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் ஞாயிறு மாலை நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். போனஸைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசுகிறவர், டிராகன் கதை பேச வந்துவிட்டாரே என்று எண்ணலாம். காரணம் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு முன் இதே படிப்பகத்துக்கு நாம் வந்திருந்தோம். பகல் ஷிப்டு முடிந்து வந்த வாலிபர்கள் நாலைந்து பேர் அந்த மூலையில் உட்கார்ந்து காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். வேலைச்சுமைப் பிரச்னை போலும் என்று நினைத்து அருகில் போனோம். விஷயம் வேறு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முடிவு சரியா, தவறா என்பதுதான் சர்ச்சை! தொடர் முடிந்ததோ 2019-ல். நமக்கு எரிச்சல் வந்தது. “உங்களுக்கு உருப்படியான வேலையே இல்லையா?” என்று கடிந்துகொண்டோம். ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்யும் ஒருவர் எழுந்து, மரியாதையாகவே கேட்டார்: “தோழர், இந்தத் தொடரை நீங்கள் பார்த்ததுண்டா? புத்தகத்தையாவது படித்ததுண்டா?” இல்லை என்றோம். அவர் மேலே எதுவும் பேசவில்லை. ஆனால் மறுவாரத்திலிருந்து அவர்களில் மூவர் படிப்பகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அது நமது தவறு. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? அந்த வாலிபரின் வீட்டுக்கே போனோம். அவர் கைபேசியில் தொடரைப் பார்த்தோம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தையும் ஒரு அகராதியையும் துணையாக வைத்துக்கொண்டு முதல் புத்தகத்தைப் படித்தோம். மற்றவற்றை அவர் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டோம். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

கதையை எழுதியவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 1948-ல் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில் பயோன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் துறைமுகத் தொழிலாளி, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர். 1980-களில் மார்ட்டின் தொலைக்காட்சிக் கம்பெனிகளுக்குக் கதைவசனம் எழுதிப் பிழைத்தார். அவர் எழுதுவதெல்லாம் நீளம் அதிகம், செலவு அதிகம் என்று குறைக்கச் சொல்வார்களாம். அலுத்துப்போய் நாவல் எழுத உட்கார்ந்தார். காகிதத்தில் லட்சம் பேர் கொண்ட சேனையைத் திரட்டினாலும் செட்டுச் செலவு கிடையாதல்லவா? முதல் புத்தகம் 1996-ல் வந்தது. பிறகு 1998, 2000, 2005, 2011 என்று மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றும் தலையணை பருமன். ஏழு புத்தகம் எழுதுவதாகத் திட்டம். ஆறாவது இன்னும் வரவில்லை.

கதை என்ன? ஏழு நாடுகளுக்கு ஒரே சிம்மாசனம். அதற்காகப் பெரிய குடும்பங்கள் அடித்துக்கொள்கின்றன. வடக்கே பனிப்பிரதேசத்திலிருந்து செத்தவர்களின் சேனை ஒன்று இறங்கி வருகிறது. கடலுக்கு அப்பால், நாட்டைவிட்டு விரட்டப்பட்ட ஒரு ராஜகுமாரியிடம் மூன்று டிராகன்கள் வளர்கின்றன. இங்கிலாந்தில் 1455-க்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டு அரச குடும்பங்கள் நடத்திய ரோஜாப் போர்களை மனத்தில் வைத்தே இதை எழுதியதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். டிராகனைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சரித்திரம்தான். நல்லவன் என்று நாம் நம்பியிருக்கும் கதாநாயகனின் தலையை முதல் புத்தகத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். கல்யாண விருந்துக்கு அழைத்துவிட்டு விருந்தாளிகளைக் கொன்று குவிக்கிறார்கள். இதுகூட ஸ்காட்லாந்தில் 1440-லும் 1692-லும் மெய்யாகவே நடந்த கொடுமைகளைப் பார்த்து எழுதியதுதான்.

ஹெச்.பி.ஓ. என்ற கம்பெனி இதைத் தொடராக்கி, 2011 ஏப்ரல் 17 முதல் 2019 மே 19 வரை 73 பகுதிகளாக ஒளிபரப்பியது. அளவுக்கு மீறிய ஆபாசமும் ரத்தமும் அதில் உண்டு. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் சரக்கு அல்ல. இருந்தும், கடைசிப் பகுதியை அன்றிரவு மட்டும் அமெரிக்காவில் 1 கோடியே 93 லட்சம் பேர் பார்த்தார்கள்.

இதன் பெரும்பகுதியைப் படமாக்கியது வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரில். ‘டைட்டானிக்’ கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்டு உல்ஃப் கப்பல் பட்டறையில், கப்பல் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் மாபெரும் கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் ஸ்டூடியோ ஆயிற்று. தொடர் முடிந்த அதே 2019-ல், பக்கத்திலிருந்த பட்டறை திவாலாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வாசலைப் பிடித்துக்கொண்டு சுமார் ஒன்பது வாரம் பட்டறையைத் தங்கள் வசம் வைத்திருந்தார்கள். புதிதாக வாங்க ஆள் வந்த பிறகே விட்டார்கள். டிராகனைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் இதற்கு அதில் கால்வாசி இடமாவது கொடுத்திருக்கலாம். நிற்க.

சர்ச்சைக்கு வருவோம். புத்தகம் எழுதுவது ஒரு வேகம், தொடர் எடுப்பது ஒரு வேகம். வருஷத்துக்குப் பத்துப் பகுதி என்று தொடர் ஓடிற்று. ஆசிரியரோ ஐந்தாவது புத்தகத்தோடு நின்றார். 2016-ல் தொடர் புத்தகத்தைத் தாண்டிப் போய்விட்டது. முடிவின் முக்கியமான அம்சங்களை மட்டும் ஆசிரியர் படமெடுப்பவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். இன்ன ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது தெரியும். எந்த வழியாக என்பது எழுதப்படவில்லை.

இங்கேதான் ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். புத்தகம் படித்தவர்கள், “ஆசிரியர் இல்லாத இடத்தில் கதை சப்பென்று ஆகிவிட்டது” என்றார்கள். தொடர் மட்டும் பார்த்தவர்கள், “நீங்கள் எதைத்தான் ஒப்புக்கொண்டீர்கள்? புத்தகம் வேறு, படம் வேறு” என்றார்கள். ஆரம்பத்தில் இது படித்தவன், படிக்காதவன் என்ற கர்வச் சண்டையாகத்தான் நமக்குத் தோன்றியது. கொஞ்சம் இருந்துதான் செய்தது. ஆனால் கவனித்துக் கேட்டால் அவர்கள் பேசியது வேறு விஷயம்.

ஒரு உதாரணம் பாருங்கள். முதல் வருஷத் தொடரில் ராஜா தலைநகரிலிருந்து வடக்கே வந்து சேர ஒரு மாதம் ஆகிறது. பாதை தூரம், குதிரை களைக்கிறது, வழியில் பல விஷயங்கள் நடக்கின்றன. 2017-ல் வந்த ஏழாவது வருஷத் தொடரிலோ, உறைந்துபோன ஏரியின் நடுவே சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவன் கோட்டைச் சுவருக்கு ஓடுகிறான், காகம் ஒன்று சேதி கொண்டு கடல் தாண்டிப் பறக்கிறது, ராஜகுமாரி டிராகன்களோடு வந்து காப்பாற்றுகிறாள். எல்லாம் ஓரிரு நாளில் முடிந்தமாதிரி காட்டிவிட்டார்கள். ரசிகர்கள் உட்கார்ந்து காகத்தின் வேகம் என்ன, டிராகனின் வேகம் என்ன என்று கணக்குப் போட்டார்கள். பெரிய கேலிக்கூத்தாயிற்று. அந்தப் பகுதியை இயக்கிய ஆலன் டெய்லர், காலக் கணக்கு கொஞ்சம் மங்கலாகத்தான் போயிற்று என்று ஒப்புக்கொண்டார்.

இல்லாத டிராகனுக்கு வேகக் கணக்கா என்று நாமும் சிரித்தோம். ஸ்பின்னிங் தோழர் சிரிக்கவில்லை. அவர் சொன்னார்: “தோழர், டிராகன் இருக்கிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். அது கதை. ஆனால் ஒரு மாதத்துப் பாதையை ஒரு ராத்திரியில் கடந்தான் என்றால் ஒப்புக்கொள்ளமாட்டேன். கார்டிங் இல்லாமல், டிராயிங் இல்லாமல், சிம்ப்ளக்ஸ் இல்லாமல் பஞ்சை நேரே ஸ்பின்னிங் பிரேமில் மாட்டினால் நூல் வருமா?”

இதைக் கேட்டபோதுதான் நமக்கு விஷயம் விளங்கியது. எட்டாவது வருஷத்து முடிவைப் பற்றிய கோபமும் இதே கணக்குத்தான். அந்த ராஜகுமாரி, டெனேரிஸ் என்று பெயர், தொடர் முழுவதும் அடிமைச் சந்தைகளை உடைத்து அடிமைகளை விடுதலை செய்து வருகிறவள். கடைசிக்கு முந்திய பகுதியில், தலைநகரம் சரணடைந்து மணியடித்த பிறகு, டிராகன் மேலேறி ஊர் ஜனங்களைத் தெருத்தெருவாக எரித்துக் கொல்கிறாள். விடுதலை செய்தவளே கொடுங்கோலியாகலாமா? ஆகலாம், சரித்திரத்தில் ஆகியிருக்கிறார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ஒரு கட்சியார் அதற்கு முன்னறிகுறிகளையும் எடுத்துக் காட்டினார்கள். ஒரு நகரத்தில் அடிமைக் குழந்தைகள் 163 பேரை எஜமானர்கள் அறைந்து கொன்றார்கள் என்பதற்காக, விசாரணை எதுவும் இல்லாமல் 163 எஜமானர்களைக் கம்பத்தில் அறைந்தவள் அல்லவா அவள் என்று கேட்டார்கள். நல்ல வாதம். மறுகட்சியார், “அறிகுறி உண்டு, ஆனால் விதைத்த மறுநாள் அறுப்பா?” என்றார்கள். முதல் ஆறு வருஷமும் பத்துப் பத்துப் பகுதி. ஏழாவது வருஷம் ஏழு. எட்டாவது வருஷம் ஆறே ஆறு. எதற்கு நிறைய இடம் தேவைப்பட்டதோ அங்கே இடத்தைச் சுருக்கிவிட்டார்கள்.

நாம் வழக்கம்போல், “லாபத்துக்காகக் கம்பெனி அவசரப்படுத்தியிருக்கும்” என்றோம். அங்கேயும் அந்த வாலிபர் நம்மைத் திருத்தினார். மேலும் சில வருஷம் நடத்தக் கம்பெனி தயாராகவே இருந்தது. லாபம் கொட்டும்போது எந்தக் கம்பெனி நிறுத்தும்? முடித்துவிடலாம் என்று தீர்மானித்தவர்கள் தொடரை நடத்திய பெனியாஃப், வைஸ் என்ற இருவர். விஷயம் தெரியாமல் சூத்திரத்தை ஒப்பிப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

கோபம் விண்ணப்பமாயிற்று. திறமையுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு எட்டாவது வருஷத் தொடரைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று கோரி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இந்த இடத்தில் ரசிகர்களோடு நமக்குக் கருத்து வேற்றுமை உண்டு. அந்தத் தொடரில் ஒரு ராத்திரிச் சண்டை வருகிறது. அதை எடுக்க 55 இரவுகள், குளிரிலும் சேற்றிலும் ஆட்கள் வேலை செய்தார்கள். நைட் ஷிப்டு பார்ப்பவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஒளிபரப்பானதும் ஜனங்கள், “ஒரே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை” என்றார்கள். ஒளிப்பதிவு செய்தவரோ உங்கள் பெட்டியைச் சரியாக வையுங்கள் என்று பதில் சொன்னார். அதுவும் சரியான பதில் அல்ல. இன்னொரு பகுதியில் ராணியின் முன்னால் மேஜைமேல் இந்தக் காலத்துக் காப்பிக் கோப்பை ஒன்று மறந்துபோய் நின்றுவிட்டது. உலகமே சிரித்தது. ஆயிரக்கணக்கானோர் உழைத்த இடத்தில் ஒரு கோப்பைதான் கண்ணில் படுகிறது. விண்ணப்பம் உழைத்தவர்களுக்கு அவமரியாதை என்று நடிகை சோஃபி டர்னர் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. வேலையில் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ‘இவனைத் தள்ளிவிட்டு வேறு ஆளைப் போடு’ என்று கேட்பது மேஸ்திரி பேச்சு. கம்பெனியோ அந்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆசிரியர் மேலும் கோபம் உண்டு. ஆறாவது புத்தகம் எங்கே என்று கேட்டு ஓய்ந்துபோயிருக்கிறார்கள். எழுத்தாளன் வாசகனின் ஏவலாள் அல்ல என்று இன்னொரு எழுத்தாளர் 2009-லேயே அவருக்காகப் பரிந்து எழுதினார். மெய்தான். ஆனால் ஏழு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து ஐந்தை வாங்க வைத்தவரிடம் மீதியைக் கேட்பது தப்பா? நாமாக இருந்தாலும் கேட்டிருப்போம்.

எல்லாவற்றையும்விட நம் மனத்தில் தைத்தது ஒரு சிறிய காட்சி. கடைசிப் பகுதியில், ஊர் எரிந்து முடிந்தபின், பிரபுக்கள் வட்டமாக உட்கார்ந்து அடுத்த ராஜா யார் என்று யோசிக்கிறார்கள். ஒருவன் எழுந்து, எல்லோரையும் ஆளப்போகும் ராஜாவை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தால் என்ன என்று கேட்கிறான். அத்தனை பிரபுக்களும் சிரிக்கிறார்கள். நாய்க்கும் ஓட்டுக் கொடுக்கலாமே, என் குதிரையையும் கேட்கிறேன் என்று கேலி செய்கிறார்கள். எரிந்துபோன ஜனங்களின் சாம்பல்கூட ஆறியிருக்காது! இதைப் பற்றியும் ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். பிரபுக்களின் குணத்தை உள்ளபடி காட்டிவிட்டார்கள் என்றார் ஒரு சாரார். தொடரே ஜனங்களைச் சிரிப்புக்கு இடமாக்கிவிட்டது என்றார் மறுசாரார்.

புத்தகம் படித்தவர்கள் இங்கே சொல்லும் ஆட்சேபணை கனமானது. 2005-ல் வந்த நான்காவது புத்தகத்தில் ஊர் ஊராய் நடந்து திரியும் ஒரு பாதிரி வருகிறார். காட்டில் திரியும் கொள்ளைக்காரர்கள் யார் என்று அவர் விளக்குகிறார். ஏர் பிடித்துக்கொண்டிருந்தவனைப் பிரபு படைக்கு இழுத்துப் போகிறான். கூடப் போன அண்ணன் தம்பிகள் செத்து விழுகிறார்கள். பசியும் பயமும் நொறுக்க, ஒருநாள் அவன் ஓடிப்போகிறான். அவன்தான் இந்தக் கொள்ளைக்காரன், அவனைக் கண்டு பயப்படுங்கள், இரக்கமும் கொள்ளுங்கள் என்கிறார் பாதிரி. ஸ்பின்னிங் தோழர் இதை வாசித்துத் தமிழில் சொன்னபோது, அவருடைய தாயார், கூலிக்கு நடவு நட்டவர், அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டார். தொடரில் 2016-ல் ஒரு பகுதிக்கு அந்தப் பேச்சின் பெயரை மட்டும் வைத்தார்கள். பேச்சை விட்டுவிட்டார்கள். அது வந்திருந்தால், கடைசியில் பிரபுக்கள் சிரிக்கும்போது பார்ப்பவன் யார் பக்கம் நிற்பான் என்று அந்த வாலிபர் நம்மைக் கேட்டார்.

சர்ச்சை ஓயவில்லை. 2022-ல் அதே கம்பெனி முன்கதையை ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ என்று எடுத்தது. 2024-ல், புத்தகத்திலுள்ள ஒரு குழந்தை இளவரசனை ஏன் தூக்கிவிட்டார்கள் என்று மார்ட்டினே பகிரங்கமாகக் குறை எழுதினார். சீக்கிரமே அதை எடுத்தும்விட்டார். ஆசிரியரே ரசிகர் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று இங்கே நம் வாலிபர்கள் குதித்தார்களாம்.

அந்த மூவரில் இருவர் இன்று வந்திருக்கிறார்கள், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் சொன்னதில் பிழை இருந்தால் திருத்தும்படி அவர்களைக் கேட்டிருக்கிறோம். ராஜகுமாரி விஷயத்தில் நாம் மறுகட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று இப்போதே ஒருவர் கையைத் தூக்குகிறார். மைக்கை அவரிடம் கொடுக்கிறோம். நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேள்வி கேட்டுவிடுங்கள்.