சட்டத்தில் மூலமும் உரையும்

(நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எளியேன் சட்டத்தைப்பற்றிப் பேச முன்வந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். ஆயின், நூல் பயிலும் முறை எத்துறைக்கும் ஒன்றேயாம். தொல்காப்பியத்தில் உரையின் துணையின்றிப் புகுவார் இடர்ப்படுவர். உரையையே நம்பி மூலத்தை நோக்காதவரோ பிறர் கண்ணாற் காண்பவராவர். சட்டமும் அத்தன்மைத்தே. சட்டமும் தீர்ப்பும் மூலம். அவற்றை விளக்கும் நூல்கள் உரை.

இந்து சட்டத்திற்கு உரைநூல்கள் பல உள. ஜான் மெயின் இயற்றியது 1878-ஆம் ஆண்டிலும், தின்ஷா முல்லா இயற்றியது 1912-ஆம் ஆண்டிலும் முதற்கண் வெளிவந்தன. பின்வந்தோர் அவற்றைத் திருத்திப் புதுக்கியுள்ளனர். ஒரு பொருளை ஆராயப் புகுவார் முதலில் இத்தகைய நூலைப் பார்த்தல் நலம். பார்க்கவேண்டிய பிரிவும், முக்கியத் தீர்ப்புகளின் பெயரும் ஓரிடத்தே கிடைக்கும். ஆயின், கையிலுள்ள பதிப்பு எவ்வாண்டினது என்பதை மறவாது நோக்குக.

அதன் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். பரம்பரைச் சொத்துடைய தந்தையார் 2003-இற் காலமாயினார்; மகள் 1985-இல் மணமானவர்; சொத்து இன்னும் பாகமாகவில்லை எனக் கொள்வோம். 1989 மார்ச்சு 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்நாளுக்கு முன் மணமான மகளை விலக்கிற்று. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தச் சட்டம், மணமானவர் ஆகாதவர் என்னும் வேறுபாடின்றி, மகளை மகனோடொத்த பங்காளியாக்கிற்று. 2015-இல் உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் இருவர், அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருத்தல் வேண்டும் என்றனர். 2020 ஆகஸ்டு 11-இல் நீதிபதிகள் மூவர், வினீதா சர்மா வழக்கில் அத்தீர்ப்பை மாற்றி, இவ்வுரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடிருக்க வேண்டுவதில்லை என்று துணிந்தனர். 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினை, விற்பனை முதலியன மட்டும் கலைக்கப்படா.

ஆகவே, 2016-இல் அச்சான நூலைக் கண்டு, 'உனக்குப் பங்கில்லை' என்று நம்முட் பெரியவர் ஒருவர் கூறின், அவர் பொய்யுரைத்தாரல்லர். பழைய உரையைப் படித்தார், அவ்வளவே. ஆயினும் அச்சொல்லை நம்பி விடுதலைப் பத்திரத்திற் கையொப்பமிட்ட மகளுக்கு இழப்பு இழப்பேயன்றோ?

மூலத்தைக் காண்டற்குப் பெரும்பொருள் வேண்டா. மத்தியச் சட்டங்களை அரசின் 'இந்தியா கோட்' தளத்திலும், தீர்ப்புகளை 2008-இல் தோன்றிய 'இந்தியன் கானூன்' தளத்திலும், உச்சநீதிமன்றம் 2023-இல் தொடங்கிய 'இ-எஸ்.சி.ஆர்.' தொகுப்பிலும் விலையின்றிப் படிக்கலாம். உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் பல தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. ஒரு தீர்ப்பைக் கண்டபின், அதனை எடுத்தாண்ட பிற்காலத் தீர்ப்புகளையும் தேடுக. அது நிலைத்ததா, வீழ்ந்ததா என்பது அங்கேதான் விளங்கும்.

இவை வழக்கறிஞருக்கு மாற்றாகா. ஆயின், படித்துச் செல்வார் கேட்கவேண்டுவதைக் கேட்பர். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, மகளிர் வருமான வரம்பின்றியே இலவசச் சட்ட உதவி பெறுதற்குரியர்.

நம் வாசகசாலையில் புதிய பதிப்பு உரைநூல் ஒன்றும், கணினி ஒன்றும் வைக்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றேன். கற்ற இளைஞர், நம் இல்லத்துப் பெண்மக்கள் கையொப்பமிடுமுன் மூலத்தைப் படித்துக் காட்டுவாராக. பின்னர் அவர்கள் விட்டுக்கொடுப்பினும், அறிந்து விட்டுக்கொடுத்ததாகும்.