குற்றத்தை அளக்கும் கோல்
(வெள்ளவத்தைக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குற்றங்கள் யாவும் ஒரே நிறையுடையன அல்ல. பழம் திருடியவனையும் உயிரைப் பறித்தவனையும் ஒன்றாக எண்ணும் அரசு நீதியரசாகாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இவ்வுண்மையை உணர்ந்தே ஆக்கப்பட்டது. ஒருவரைக் காயப்படுத்தினால் ஓராண்டு வரை சிறை, திருடினால் மூன்றாண்டு வரை, கொலைக்கு மரணதண்டனை. "வரை" என்னும் அச்சிறு சொல்லிலேதான் நீதிபதியின் மனச்சாட்சி குடியிருக்கிறது!

பொலிசார் பிடியாணையின்றிக் கைது செய்யலாமா, பிணை கிடைக்குமா, விசாரிப்பது நீதவானா மேல் நீதிமன்றமா என்பவற்றையும் குற்றத்தின் தன்மை கொண்டே சட்டம் வகுத்துள்ளது.

இந்த அளவுகோலை முறித்தது எது? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்றாண்டுக்கென வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் 2ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தெருவோரப் பலகையிலுள்ள எழுத்தை அதிகாரமின்றி அழிப்பதும் அதிலே குற்றம். தண்டனையோ ஐந்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டு வரை சிறை! பிறர் பொருளுக்குச் சிறு சேதம் விளைத்தவனுக்குச் சட்டக்கோவை விதிப்பது மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம். மூன்று மாதம் எங்கே, இருபதாண்டு எங்கே?

எழுத்தை அழிப்பது நன்று என்று நான் கூறவில்லை. 1958இல் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்ட வேதனையை நம்மவர் அறிவர். ஆயினும் தார் பூசியவன் கொலைகாரன் அல்லன். ஐந்தாண்டுக்குக் குறையக்கூடாது என்று விதித்த அன்றே, குற்றத்தை நிறுக்கும் தராசு நீதிபதியின் கையிலிருந்து பறிக்கப்பட்டது.

குற்றப்பத்திரிகை இல்லாமலே, அமைச்சரின் கட்டளையால் பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்துவைக்க அச்சட்டம் இடமளித்தது. வழக்கு முடியும்வரை பிணையும் மறுத்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் பதினெட்டைப் பன்னிரண்டாக்கியது. பிணைக்குச் சிறிது வழி திறந்தது. எழுத்தழித்தலுக்குரிய ஐந்தாண்டையோ அது தொடவில்லை.

மாற்றுச் சட்டமூலமொன்று 2023இல் வர்த்தமானியில் வெளிவந்தது. எந்தப் பெயரில் எச்சட்டம் வரினும் நாம் கேட்கவேண்டியவை மூன்று. விளைந்த தீங்குக்கு ஏற்பத் தண்டனை உண்டா? அதனைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டா? பிணையைத் தீர்மானிப்பது நீதிமன்றமா, அமைச்சரா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாக்குக் கேட்டு வருவோரிடம் இம்மூன்றையும் கேளுங்கள். விடை கூறாதவருக்கு உங்கள் வாக்கு இல்லை என்று சொல்லுங்கள்.